கடல் தாண்டாத வழி

எனக்குப் பதினோரு வயது நடக்கும்வரை எங்கள் வீட்டில் ரஷ்யாவைப் பற்றி யாருக்கும் எந்தத் தகராறும் இருந்ததில்லை. பள்ளிக்கூட அட்லஸில் இரண்டு பக்கத்தை அடைத்துக்கொண்டு அது பாட்டுக்கு மேலே கிடந்தது. கீழே, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி வீடொன்றில் நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான். தகராறைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான். எண்பதுகளின் ஆரம்பம், ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்திருந்த கோடை.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றிருந்தது. உள்ளே அடுக்கடுக்காக ரஷ்யப் புத்தகங்கள், எல்லாம் தமிழில். அந்த ஊரிலேயே அச்சடித்துக் கப்பலேற்றி அனுப்பியவை. அப்பா காலை ஷிப்ட் முடித்துக் கைலாசபுரத்திலிருந்து வந்து, முகம் கழுவியதும் கழுவாததுமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தொழிற்சாலையில் அவருக்கு வெல்டிங்கைச் சோதிக்கிற பிரிவில் வேலை. பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது. நாளெல்லாம் விரிசல் தேடிவிட்டு வந்த மனிதர், வேனின் நிழலில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டார். நான் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மோந்து பார்த்து, கடைசியில் ஒன்றை அவர் கையில் திணித்து எழுப்பினேன்.

ஊர் தெரியாத இடங்களுக்குப் போன ரஷ்யர்களைப் பற்றிய புத்தகம் அது. வழுவழுப்பான காகிதம். பக்கத்துக்குப் பக்கம் பனி, பாய்மரம், தாடி. பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் இல்லை. எனவே அவர்களுக்கும் நானே உறவுமுறைபோல ஒன்று வைத்துக்கொண்டேன். ஒரு குதிரையை ஓட்டிக்கொண்டு நம் மேற்குக் கரைவரைக்கும் வந்து சேர்ந்த பழங்காலத்து வியாபாரி, குதிரைக்காரர். ஆசியாவும் அமெரிக்காவும் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கப் போன கப்பல் தலைவர், ஜலசந்திக்காரர். அட்லஸில் அந்த ஜலசந்திக்கே அவர் பெயர்தான். அவருக்கும் முன்னால் அந்த முனையைச் சுற்றிப் போய்விட்டு ஒரு கடுதாசி எழுதிப் போட்டவர், கடுதாசிக்காரர். அந்தக் கடுதாசி யாரும் படிக்காமல் ஓர் ஆபீசில் தலைமுறைக் கணக்காகக் கிடந்ததாம். தென்துருவப் பனிக்குள் இரண்டு கப்பலைச் செலுத்தியவர், இரட்டைக் கப்பல்காரர். எனக்கு எல்லோரிலும் பிடித்தவர் வண்டிக் கப்பல்காரர். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

படித்ததை உடனே யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பெரியப்பாவிடம் சொல்ல முடியாது. அவர் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர், வீட்டிலிருக்கும் நேரத்தில் வாய்க்குள் பாசுரம் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியம்மா பாதியில், "அதெல்லாம் இருக்கட்டும், அந்த நாரை எடு" என்பாள். எப்போதும் கையில் பூ, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறும் வாழைநார். அப்பா தூங்கிவிடுவார். மிச்சம் அம்மாதான்.

அம்மா அந்த வருஷம் நிறைய நேரம் கிடைத்தாள். மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் பின்கட்டில் தனியாக, தனிப் பாய், தனித் தட்டு என்று இருப்பார்கள். யாரும் தொடக்கூடாது. ஏன் என்று கேட்கிற குழந்தைகளுக்கு ஒரே பதில்: "காக்கா தொட்டுடுத்து." அந்த வருஷம் காக்கை அம்மாவை விட்டபாடில்லை. மூன்று நாள் கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வருவாள், நாலாம் நாள் மறுபடி பின்கட்டு. சில மாதம் பத்து நாள், பன்னிரண்டு நாள். பின்கட்டு முருங்கைமரத்தில் உட்காரும் காக்கைகளை நான் கல்லால் அடித்துக்கூடப் பார்த்தேன். மற்றபடி எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அம்மா எங்கும் எழுந்து போக முடியாது. நான் நாலு முழம் தள்ளி நிலைப்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பாள். முகம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும். பனியைப் பற்றிக் கேட்பதால் அப்படி இருக்கிறது என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

ஒவ்வொருவர் கதை முடிந்ததும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அவர் ஆத்துக்கு வந்து சேர்ந்தாரா?"

எனக்கு எரிச்சலாக வரும். ஒருவர் பூமியின் மூலையைக் கண்டுபிடித்திருக்கிறார். இவள் வீடு வந்து சேர்ந்தாரா என்கிறாள்!

"அதெல்லாம் போடலைம்மா. கண்டுபிடிச்சதுதான் போட்டிருக்கு."

"ஆத்துல யார் இருந்தாளாம்?"

"அதுவும் போடலை."

"சரி, படி" என்பாள் அம்மா.

இப்படி இருக்கும்போதுதான் ஆனி மாதத்தில் அப்பாவுக்கு அந்தச் செய்தி வந்தது. ரஷ்யாவில் ஆறு மாதப் பயிற்சி. அவருடைய பிரிவிலிருந்து ஒரே ஒருவர், அது அப்பா. சாப்பிடும்போது மோர் சாதத்துக்கு நடுவில், ஏதோ ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்கிற குரலில் சொன்னார். எனக்குக் கை கால் நிற்கவில்லை. குதிரைக்காரர் அங்கிருந்து இங்கே வந்தார். என் அப்பா இங்கிருந்து அங்கே போகப்போகிறார். புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறையில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"சமுத்திரம் தாண்டப்படாது. தாண்டினவன் இந்த ஆத்துப் பெருமாளைத் தொட முடியாது. கோஷ்டியில நிக்க முடியாது. நம்மாத்துல யாரும் தாண்டினதில்லை."

"சரிண்ணா" என்றார் அப்பா.

அவ்வளவுதான். என் புத்தகத்தில் அவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஜலசந்திக்காரர் நங்கூரத்தையும் கயிற்றையும் சைபீரியா முழுக்க இழுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நடந்தவர். என் அப்பா கூடத்திலிருந்து கிணற்றடிவரை நடந்து கால் கழுவிக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"ஏன்ப்பா சண்டையே போடலை?"

"களைப்பா இருக்கும்மா."

"உங்களுக்குப் போகணும்னு இல்லையா?"

அவர் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி பின்கட்டுப் பக்கம் பார்த்தார். "இருந்தா என்ன? பெரியப்பா சொல்லிட்டார். விடு."

விடுகிற ஆளா நான்? ஆசையை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். பெரிய பயணிகள் எல்லோருமே முதலில் யாராவது ஒருவரால் தடுக்கப்படுகிறவர்கள்தாம். ராஜா, மந்திரி, பனி. இங்கே பெரியப்பா.

அன்றைக்கு அப்பா தூங்கிப்போவதற்குள் அவரிடமிருந்து ஒரு விஷயத்தைக் கறந்துவிட்டேன்.

"எந்த வழியாப் போவாப்பா?"

"டெல்லி… அங்கேர்ந்து பிளேன்… தாஷ்கண்ட்… மாஸ்கோ." குறட்டை.

அட்லஸை விரித்தேன். பெரியம்மாவின் கிண்ணத்திலிருந்து நீளமான நாராக ஒன்று உருவி எடுத்தேன். ஈர நார் காகிதத்தில் அழகாகப் படிந்து கிடக்கும். ஒரு முனையைத் திருச்சிராப்பள்ளி என்று போட்டிருந்த புள்ளியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். டெல்லி, மலைகள், தாஷ்கண்ட். எல்லாம் தரை. ஒரு சொட்டு நீலம் இல்லை! எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தாஷ்கண்டிலிருந்து மாஸ்கோவுக்கு நாரை இழுத்தால்தான், நடுவில் முட்டை மாதிரி ஒரு நீலம். ஆரல் கடல். நார் அதன் வயிற்றின்மேல் நேராகப் போனது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் வண்டிக் கப்பல்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மேலதிகாரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பாலக்கரைக்காரர், கிறிஸ்தவர், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. "அண்ணா சம்மதிக்கலை சார்" என்று அப்பா ஆபீசில் சொல்லியிருக்கிறார். பெரியவர் சம்மதிக்காததுதான் தடை என்றால் பெரியவரிடம் நேரில் போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்று அந்த நல்ல மனிதர் புறப்பட்டு வந்துவிட்டார். அப்பாவுக்கு அவர் வருவது தெரியாது. பனியனோடு ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

பெரியம்மா காபி கொடுத்தாள். அதிகாரி எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்தவர்போல டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தார். ஒரு சொட்டு சட்டையில் விழுந்ததைக் கவனிக்காததுபோல எல்லோரும் இருந்தார்கள்.

"ஐயா, நான் தப்பாப் பேசினா மன்னிச்சிடுங்க. இவரை விட்டா இந்த வேலைக்கு எங்கிட்ட ஆள் இல்லீங்க. ஆறு மாசம்தாங்க. பத்திரமா கொண்டுவந்து உங்ககிட்ட விட்டுடறோம்."

"ஆறு மாசம், அறுபது நாள்ங்கறது இல்லை விஷயம்" என்றார் பெரியப்பா. "சமுத்திரம். வேற ஒண்ணுமில்லை. அது ஒண்ணுதான்."

"அது ஒண்ணுதானா?" என்றார் அதிகாரி பரிதாபமாக.

"அது ஒண்ணுதான்" என்றார் பெரியப்பா. அப்பாவும் தலையாட்டினார்.

நான் அட்லஸோடு கூடத்துக்குள் வந்து நின்றேன்.

"பெரியப்பா, வழியில சமுத்திரமே இல்லை."

"ஏண்டி, பெரியவா பேசிண்டிருக்கறச்சே!" என்றாள் பெரியம்மா.

"பாப்பா என்னமோ சொல்லுது, சொல்லட்டுங்களே" என்றார் அதிகாரி.

தரையில் அட்லஸை விரித்தேன். கிண்ணத்திலிருந்து நாரை எடுத்து, கட்டைவிரலால் திருச்சியில் அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் டெல்லிக்கு இழுத்தேன்.

"இங்க ரயில். தரை. இங்கேர்ந்து பிளேன். கீழே மலை. இது தாஷ்கண்ட். தரை."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். விளையாட்டாக அல்ல, ஓலைச்சுவடியைப் பார்க்கிற மாதிரி. அவருக்கு எதையும் அரைகுறையாகப் பார்க்கத் தெரியாது.

"காவேரி?"

"அதை நாம தினமும் தாண்டறோமே பெரியப்பா. அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தாண்டறா."

அதிகாரி சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் விரல் நாரின்மேல் ஊர்ந்துகொண்டே போய் நின்றது.

"இது என்ன நீலம்?"

"ஆரல் கடல்."

"கடல்னு போட்டிருக்கே."

"பேருக்குத்தான். சுத்தி நாலு பக்கமும் தரை."

"ஜலம் உப்பா, நல்ல ஜலமா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பெரியப்பா அப்படிக் கேட்டால் பொய் வராது.

"உப்பு."

அப்பா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். நான் தோற்றுவிடப்போகிறேனே என்கிற பதைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னும் வேகமாகப் பேசினேன்.

"பெரியப்பா, அந்தக் கடலுக்கு முதல்முதல்ல கப்பல் எப்படிப் போச்சு தெரியுமா? தண்ணியில போகவே முடியலை. கப்பலைத் துண்டு துண்டாப் பிரிச்சு, மாட்டு வண்டி, ஒட்டக வண்டியில ஏத்தி, பாலைவனத்துல இழுத்துண்டு போய், அங்கே கரையில வெச்சு மறுபடி பூட்டினா. அப்புறம்தான் மிதக்கவிட்டு அளந்தா. சமுத்திரம்னா கப்பல் தானாப் போயிருக்கணுமோல்லியோ? வண்டி கட்டிண்டா போவா?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த நீல முட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் அப்படியொரு அவஸ்தைப்பட்டு நான் பார்த்ததில்லை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது, அவ்வளவுதான் அவருடைய பலமும் பலவீனமும்.

"வண்டி கட்டிண்டு போய்ச் சேர்ற ஜலத்தை சமுத்திரம்னு சொல்றதுக்கில்லை" என்றார் கடைசியில், குரல் உள்ளே போய்.

"அப்போ சம்மதமா ஐயா?" என்று அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். "நீ என்னடா சொல்றே?"

"நான் என்னண்ணா சொல்றது" என்றார் அப்பா. வெளிச்சம் போய்விட்டிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்ல ஏதோ இருக்கிறது, வெளி ஆள் எதிரில் சொல்ல முடியாது என்கிற பார்வை. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு, பெரியவர்கள் தோற்றால் இப்படித்தான் விழிப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போது பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. காக்கை தொட்ட நாள்தான் அன்றைக்கும். கூடத்துக்கு வர முடியாது. வர முடிந்தாலும் அம்மா பெரியப்பாவிடம் நேரில் பேசுகிறவள் இல்லை, எதையும் என் வழியாகத்தான் சொல்வாள். ஆனால் வெளி ஆள் இருக்கும்போது அவள் குரல் கூடம்வரை கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏய், பெரியப்பாகிட்ட சொல்லு. போயிட்டு வரட்டும்னு சொல்லு. இங்கே நான் பார்த்துப்பேன்னு சொல்லு."

பத்தடி தூரத்தில் எல்லோருக்கும் காதில் விழுந்ததுதான். இருந்தாலும் முறைப்படி நான் திரும்பிச் சொன்னேன். சொன்னேனா, கூவினேன்.

"பெரியப்பா, அம்மா போயிட்டு வரட்டும்ங்கறா!"

அதிகாரி எழுந்து கும்பிட்டார். "பாப்பாவை அனுப்பினா ரஷ்யாக்காரன்கிட்டேயே வேலை வாங்கிடும் போலிருக்கே" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். ஸ்கூட்டர் சத்தம் தெருவைத் தாண்டியது. பிறகு பெரியப்பா குனிந்து நாரை எடுத்து, அட்லஸுக்குள் வைத்து மூடி, என்னிடம் நீட்டினார்.

"நன்னாப் படிக்கறே" என்றார். "இத்தனை நன்னாப் படிக்க வேண்டாம்."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்பா பின்கட்டுக்குப் போய், நான் வழக்கமாக உட்காரும் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். நாலு முழத்துக்கு அந்தப் பக்கம் அம்மா. பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்வெட்டர் எங்கே வாங்குவது என்று யோசிக்கிறார்களாக்கும் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

ஆவணியில் அப்பா புறப்பட்டார். ஜங்ஷனில் ரயில் நகர்வதற்குமுன் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. குடத்தைத் தூக்க விடாதே" என்றார். பயணத்துக்குப் போகிற தலைவர் கடைசியாகச் சொல்கிற வார்த்தையா இது? இன்னும் கம்பீரமாக ஏதாவது எதிர்பார்த்திருந்தேன். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்: "பிளேன்ல ஜன்னல் பக்கம் உக்காருங்கோப்பா. ஆரல் கடல் தெரியறதான்னு பாருங்கோ."

அதிலிருந்து நான் ரஷ்யா வேலையில் மும்முரமாகிவிட்டேன். அப்பாவின் படத் தபால்களை ஒட்டினேன். முதல் பனி, உறைந்த ஆறு, அதன்மேல் நடக்கிற மனிதர்கள். ஒவ்வொன்றிலும் கடைசி வரி அம்மாவுக்கு: 'உடம்பைப் பார்த்துக்கொள்.' முதலிரண்டு தபால்களில் கூடவே, 'தேதி எழுது.' எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை வகுப்பில் படித்துக்காட்டினேன்.

புரட்டாசியில் அம்மாவும் பெரியம்மாவும் மணப்பாறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பெரியப்பாதான் அப்படிச் சொன்னார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. ஆரல் கடல் கடல் இல்லை என்று கண்டுபிடித்தவள், எங்கள் குடும்பத்தில் புரட்டாசியில் எவன் கல்யாணம் வைப்பான் என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. பெரியப்பா பொங்கிய குழைந்த சாதத்தைப் பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, தாஷ்கண்டின் தட்பவெப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வாடகைக் காரில் திரும்பி வந்தார்கள். அம்மா இறங்கி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற கப்பல்மேல் நடப்பவள் மாதிரி காலை ஊன்றி ஊன்றி வந்தாள். நான் பையைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். பழைய புடவை, பிளாஸ்க், வெள்ளைத் துண்டு.

"முறுக்கு எங்கேம்மா?"

அம்மா புரியாமல் பார்த்தாள்.

"மணப்பாறைக்குப் போயிட்டு யாராவது முறுக்கு இல்லாம வருவாளா? பத்து நாள்! பத்து நாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு எனக்கு ஒரு முறுக்குக்கூடத் தோணலையா உனக்கு?"

நான் அழுதேன், காலை உதைத்துக்கொண்டு. அம்மா நடையில் சுவரைப் பிடித்தபடி நின்றாள். "மறந்துட்டேண்டி" என்றாள். "தப்புதான். மறந்துட்டேன்." பெரியம்மாதான் என் முதுகில் ஓர் அறை வைத்தாள். வைத்துவிட்டு அவளும் அழுதாள். ஓர் அறைக்கு அடித்தவளே அழுவானேன் என்று எனக்கு அழுகை நின்றுபோயிற்று. சாயங்காலம் பெரியப்பா ஒரு பொட்டலம் முறுக்கோடு வந்தார். அதில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கடை முத்திரை இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத் தின்றேன்.

அம்மா பாயில் ஒரு மாதம் கிடந்தாள். இந்தத் தடவை பின்கட்டில் இல்லை, நடு அறையில். தொடலாம் என்றார்கள். நான் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து படித்தேன். குதிரைக்காரர் கதையை இரண்டாம் தடவை முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அவர் ஆத்துக்கு வந்து சேர்ந்தாரா?"

அதற்குள் கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்துக் குறிப்புகளையும் நான் படித்திருந்தேன். அவர் சொந்த ஊர் போய்ச் சேரவில்லை. கடலெல்லாம் தாண்டிவந்து, ஊர் நெருங்கும்போது வழியில் செத்துப்போனார்.

"சேர்ந்துட்டார்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பெரியப்பாவிடம் வராத பொய் அம்மாவிடம் தானாக வந்தது.

மாசியில் அப்பா வந்து சேர்ந்தார். ஸ்ரீரங்கத்தில் யாராலும் தலையில் வைக்க முடியாத ஒரு மயிர்த்தொப்பி, எனக்கு ஒரு மரப்பொம்மை. சமுத்திரம் தாண்டாவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பெரியப்பா அவரை நேரே காவேரியில் முழுக்குப்போட வைத்துத்தான் வீட்டுக்குள் விட்டார். ஈர வேட்டியோடு உள்ளே வந்தவரிடம் நான் கேட்டேன், "ஆரல் கடல் தெரிஞ்சுதாப்பா?"

"தெரியலைம்மா" என்றார். "கண்ணை மூடிண்டிருந்தேன்."

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்பாதானே. அவர் நேரே நடு அறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு காக்கை அம்மாவைத் தொடவே இல்லை. நான் எறிந்த கற்களுக்குப் பயந்துதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கே கல்யாணமாகி, இரண்டு குழந்தை பிறந்து, எதற்கெடுத்தாலும் களைத்துப்போகிற வயதில், ஒரு நாள் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே அம்மா அதைச் சாதாரணமாகச் சொன்னாள். இதே திருச்சியில், புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சித்திரையிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். ரத்தமே இல்லை உடம்பில், கொஞ்சம் தேற்றிக்கொண்டு வா என்று புரட்டாசியில் தேதி கொடுத்திருந்தாளாம். அந்தச் சமயத்தில் எப்படிப் போவது என்று அப்பாவே அண்ணாவிடம் போய், நீ வேண்டாமென்று சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டாராம். பெண்டுகள் சமாசாரத்தை ஆபீசில் எப்படிச் சொல்வது? சமுத்திரம் என்றால் கௌரவமாக இருக்கும். "நீதான் அதை வத்த அடிச்சுட்டியே" என்று சொல்லி அம்மா சிரித்தாள். "போறும், எல்லாம் நல்லபடியா ஆச்சு. அந்தக் காயை இப்படித் தள்ளு."

அந்த அட்லஸ் இன்னும் இருக்கிறது. நார் காய்ந்து, தொட்டால் ஒடிகிற மாதிரி, ஆசியாப் படத்துக்குள் கிடக்கிறது. எடுத்து விரித்துப் பார்த்தேன். டெல்லி இருந்தது, தாஷ்கண்ட் இருந்தது, மாஸ்கோ இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூருக்குப் போகிற வழியைத் தேடினேன். அந்த அளவுப் படத்தில் அது வராது. இரண்டும் ஒரே புள்ளி. நார் நகராமலிருக்க அன்றைக்கு நான் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்த புள்ளி.